கணக்கு கேக்குற சனங்க

பட்ஜெட்டுன்னா அது படிச்ச மேல்சாதிக்காரன் விவகாரம், நமக்கு அதுல என்ன இருக்கு என்று நம்ம சனங்களே சொல்வதுண்டு. கலியாணச் செலவையும் கருமாதிச் செலவையும் பைசா பிசகாமல் வாயாலேயே கணக்குச் சொல்கிற எங்க அம்மா, நகராட்சியில் முப்பது வருசம் தெருக் கூட்டியவள். விளக்குமாறுக்கு எந்தக் கணக்கில் பணம் வந்தது, கையுறைக்கு ஏன் வரவில்லை என்பதும் பட்ஜெட்தான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அமெரிக்காவில் இதைச் சொன்னவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற கறுப்பர். ரயிலில் வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் படுக்கை விரித்து, ஷூ துடைத்து, எச்சில் படிக்கம் கழுவிய புல்மன் பெட்டித் தொழிலாளர்களுக்கு 1925இல் சங்கம் கட்டியவர். அந்தத் தொழிலாளர்களைப் பயணிகள் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மன் பேரால் எல்லாருமே 'ஜார்ஜ்'தான். அறுபது வயசுக் கிழவனைச் சின்னப் பையன் 'அடே' என்று கூப்பிடுகிற ஊரில் பிறந்த நமக்கு இது புரிய அகராதி வேண்டாம். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1937 வரை ஆனது.

அதே ராண்டால்ஃப் 1966இல் பேயர்ட் ரஸ்டினுடன் சேர்ந்து 'விடுதலை பட்ஜெட்' என்ற ஒன்றை நாட்டின் முன் வைத்தார். மார்ட்டின் லூதர் கிங் முன்னுரை எழுதினார். எல்லாருக்கும் வேலை, வாழத் தகுந்த கூலி, உழைக்க முடியாதவருக்கு உறுதியான வருமானம், வீடு, வைத்தியம், படிப்பு. பத்து வருசத்தில் வறுமையை ஒழிக்கக் கூட்டாட்சி அரசு ஏறத்தாழ 18,500 கோடி டாலர் செலவிட வேண்டும், பொருளாதார வளர்ச்சியில் வருகிற கூடுதல் வரவே அதற்குப் போதும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள். ஏழை வெள்ளையருக்கும் சேர்த்தே கேட்டார்கள்.

காங்கிரஸ் அதை நிறைவேற்றவில்லை. பணம் வியட்நாமில் குண்டாக விழுந்தது. ராணுவச் செலவில் கைவைக்காமல் அந்த ஆவணம் விட்டுவைத்ததைப் போர் எதிர்ப்பாளர்கள் அப்போதே விமர்சித்தார்கள். அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆண்டையின் பெரிய பத்தாயத்தைத் தொடாமல் சின்னதில் பங்கு கேட்டால், சின்னதையும் வழித்துப் பெரியதில்தான் கொட்டுவான்.

நம்ம கதை வேறல்ல. மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கு என்று 1979இல் சிறப்புக் கூறு திட்டம் வந்தது. அந்தப் பணத்தில் நூற்றுக்கணக்கான கோடியைத் தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுத் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது. மாநிலங்களவையில் உள்துறை அமைச்சரே ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது.

சில வருசம் முன்பு துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தோடு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனோம். மனுவை வாங்கி, 'பாக்குறேன்' என்று உதவியாளரிடம் நீட்டினார். கூட வந்த அக்கா ஒருத்தர் நகரவில்லை. "அய்யா, போன வருசம் எங்களுக்குன்னு ஒதுக்குனதுல எவ்வளவு செலவாச்சு? அத மட்டும் சொல்லுங்க, போயிடுறோம்." அவருக்குப் பதில் தெரியவில்லை. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, உதவியாளரிடமிருந்து மனுவைத் திருப்பி வாங்கிப் படித்தார்.

பணம் வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் மரக்காலில் நெல் அளந்து கூலி வாங்கிய சனங்க நாம. ஒரு பிடி குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பிப்ரவரி தோறும் தில்லியில் போடுகிற அளவையும் அதே கண்ணால் பார்ப்போம். சேரிக்கு ரெண்டு பேராவது அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கத்துக்கணும்.