புள்ளியை யார் வைப்பது?

புள்ளி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது தவணைப் பரீட்சைதான். கெமராவுக்குள்ளும் புள்ளி இருக்கிறது என்று சொன்னதும், "அதிலயும் ஃபெயிலாகலாமா சேர்?" என்று ஒருவன் கேட்டான். ஆகலாம். வெளிச்சம் சரி, சிரிப்பும் சரி, ஆனால் முகம் மங்கல். பின்னால் இருக்கும் சுவர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் படம் ஃபெயில்தான்.

இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா என்று காலம் தொடங்கினால் போதும், பெற்றோரும் ஆசிரியர்களும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்வி: "நல்ல கெமராதானே, ஏன் மங்கலா வருது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட, பேலியகொடையில் எங்கள் ஊடகப் பிரிவுப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்ததை இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கெமராவின் கண்ணாடிக்குள் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். அவைதான் ஃபோக்கஸ் புள்ளிகள். கெனன் 1300டி-யில் 9, நிகோன் டி3500-இல் 11. லென்ஸின் இரண்டு பக்கங்களால் வரும் ஒளி அந்த இடத்தில் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று கெமரா பார்க்கும்; பொருந்தும் வரை லென்ஸை நகர்த்தும். 1985இல் வந்த மினோல்டா 7000-இல் நடுவில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அப்போது எதைத் தேர்வு செய்வது என்ற கேள்வியே இல்லை. புள்ளிகள் கூடிய பிறகுதான் அவற்றில் எதைப் பயன்படுத்துவது, அதை யார் முடிவு செய்வது என்ற பிரச்சினை வந்தது.

கெமராவை வாங்கியபடியே வைத்திருந்தால் முடிவு செய்வது கெமராதான். இதை ஒட்டோ ஏரியா என்பார்கள். எல்லாப் புள்ளிகளையும் பார்த்துவிட்டு, பெரும்பாலும் தனக்குக் கிட்ட இருப்பதை அது பிடித்துக்கொள்ளும். வெறும் வானத்தில் பருந்து பறக்கிறது, வேறு எதுவும் இல்லை என்றால் ஒட்டோ நல்ல வேலைக்காரன். ஆனால் வகுப்புப் படத்தில் முன்வரிசை கதிரையில் இருக்கும், பின்வரிசை வாங்கில் ஏறி நிற்கும். கெமரா முன்வரிசையைப் பிடித்துவிடும். உயரமாக வளர்ந்த பிள்ளை தரம் ஆறிலிருந்து பதினொன்று வரை பின்வரிசைதான். ஆறு வருடமும் அவள் முகம் மங்கலாகவே வரும். சில வீடுகளில் அந்தப் பிள்ளையின் பாடசாலைக் காலத்துக்கு இருக்கும் படமே வருடத்துக்கு அந்த ஒன்றுதான். மூன்று வரிசை என்றால் புள்ளியை நடுவரிசை முகம் ஒன்றில் வையுங்கள். அப்பச்சரை எஃப்8 அளவுக்குக் கொண்டுபோங்கள். மூன்று வரிசையும் வந்துவிடும்.

எங்கள் நாட்டுப் பாடசாலைகளுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது: வெள்ளைச் சீருடை. ஃபோக்கஸ் புள்ளிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்போ கோடோ நிற வித்தியாசமோ வேண்டும். வெள்ளைச் சேர்ட்டின் நடுவிலோ வெள்ளை ஹிஜாபின் மேலோ புள்ளி விழுந்தால் அதற்குப் பிடிமானம் இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் போய்வந்து கொண்டே இருக்கும். "கெமரா பழுது சேர்" என்று பிள்ளைகள் ஓடிவருவது இந்த இடத்தில்தான். பழுது ஒன்றுமில்லை. புள்ளியைக் கழுத்துப்பட்டிக்கோ, பெட்ஜின் ஓரத்துக்கோ, ஹிஜாபும் நெற்றியும் சேரும் கோட்டுக்கோ நகர்த்தினால் உடனே பிடித்துவிடும். அதிலும் கண் மிக நல்ல இடம். இமையில் கோடு இருக்கிறது, கருவிழியில் நிற வித்தியாசம் இருக்கிறது. படம் பார்ப்பவரும் முதலில் தேடுவது கண்ணைத்தான்.

இப்படி ஒரே புள்ளியை நாமே தெரிவு செய்வதுதான் சிங்கிள் பொயின்ட். கைபேசியில் முகத்தைத் தொட்டுவிட்டுப் படம் எடுக்கிறீர்களே, அதே வேலைதான். கெமராவில் விரலுக்குப் பதில் பின்பக்க அம்புப் பொத்தான்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கெனனில் பச்சை நிற முழு ஒட்டோவில் இருந்தால் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. டயலை 'பி'-க்கோ 'ஏவி'-க்கோ திருப்பிய பிறகுதான் உங்கள் சொல் எடுபடும்.

வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் நடுப்புள்ளியையே நம்புங்கள். 1300டி-யில் நடுவில் உள்ள ஒன்று மட்டும்தான் குறுக்குவகைப் புள்ளி. நிலைக்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் சேர்த்துப் பார்க்கும். மற்றவை ஒரு திசைக் கோட்டை மட்டுமே பார்க்கும். நடுப்புள்ளியை முகத்தில் வைத்து, ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்தபடி கெமராவைத் திருப்பிச் சட்டகத்தைச் சரிசெய்வது பழைய வழக்கம். தூரத்திலிருந்து எடுக்கும்போது அது பரவாயில்லை. கிட்ட நின்று எடுக்கும்போது சரிவராது. 50 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப்1.8 வைத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்றால், இந்த வகைக் கெமராக்களில் தெளிவாக வரும் ஆழம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான். கெமராவைத் திருப்பும்போது உடம்பு கொஞ்சம் ஆடினாலே மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும். அங்கே புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துவதுதான் வழி.

இனி ஓட்டப் போட்டி. ஓடிவரும் பிள்ளைக்கு ஃபோக்கஸ் ஒருமுறை பிடித்தால் போதாது, தொடர வேண்டும். நிகோனில் ஏஎஃப்-சி, கெனனில் ஏஐ சேர்வோ. நிகோனில் அதோடு டைனமிக் ஏரியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் ஒரு புள்ளியைத் தெரிவு செய்கிறீர்கள்; பிள்ளை அதிலிருந்து ஒரு கணம் விலகினால் பக்கத்துப் புள்ளிகள் கைகொடுக்கும். த்ரீடி ட்ரெக்கிங் என்பது வேறு. நீங்கள் ஓர் இடத்தைக் காட்டிவிட்டால், அதைச் சுற்றியுள்ள நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு புள்ளியே பின்னால் ஓடும். சிவப்பு இல்லத்துப் பிள்ளை புல்வெளியில் ஓடினால் அருமையாகத் தொடரும். நீல இல்லத்துப் பிள்ளை நீலக் கூடாரத்தைக் கடந்தால் கூடாரத்திலேயே நின்றுவிடும். எந்த இல்லம், பின்னால் என்ன நிறம் என்று பார்த்துவிட்டு முறையைத் தெரிவு செய்யுங்கள்.

"புதுக் கெமரா கண்ணைத் தானாகவே கண்டுபிடிக்குமே" என்பீர்கள். உண்மைதான். கண்ணால் புள்ளியைத் தெரிவு செய்யும் யோசனையும் பழையதுதான். 1992இல் கெனன் இஓஎஸ் 5 என்ற ஃபிலிம் கெமராவில், எடுப்பவர் எந்தப் புள்ளியைப் பார்க்கிறாரோ அதையே கெமரா தெரிவு செய்தது. 2021இல் ஆர்3-இல் அது திரும்பி வந்தது. ஆனால் முப்பது முகங்கள் உள்ள சட்டகத்தில் எந்த முகம் என்பதை இன்னும் நாம்தான் சொல்ல வேண்டும். துஆவுக்குத் தலை குனிந்திருக்கும் பிள்ளைகளில் கெமராவுக்கு ஒரு முகமும் கிடைக்காமலும் போகலாம்.

இதெல்லாம் மீன் சந்தைக்குப் போனபோதுதான் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது. கொழும்பின் மொத்த மீன் வியாபாரம் 2011இல் புறக்கோட்டையிலிருந்து எங்கள் பேலியகொடைக்கு வந்தது. இரவிரவாக லொறிகள் வரும், விடியுமுன்னே சந்தை சூடுபிடித்துவிடும். "உங்கள் ஊரை எடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அங்கே வாப்பா வேலை செய்யும் மாணவன் ஒருவன் கொண்டுவந்த படங்களில் ஐஸ் பெட்டி தெளிவாக இருந்தது, தராசு தெளிவாக இருந்தது. "வாப்பாவத்தான் எடுத்தேன் சேர், பெட்டிதான் வந்திருக்கு." கெமரா ஒட்டோவில் இருந்திருக்கிறது. கிட்ட இருந்தது பெட்டி, அதை எடுத்துக்கொண்டது. அடுத்த முறை அவன் சிங்கிள் பொயின்டில் போனான். பெட்டிகளுக்கும் தொங்கும் தராசுக்கும் இடையே ஒரு சின்னச் சந்து. அதில் வாப்பாவின் கண்ணில் ஒரு புள்ளி. ஐஸ் பெட்டிகளெல்லாம் மங்கி ஓரத்துக்குப் போய்விட்டன. தோளில் மீனோடு ஒரு மனிதர் நிமிர்ந்து பார்க்கிறார்.

அந்தப் படத்தை வகுப்பில் காட்டியபோது நாங்கள் 2020 ஒக்டோபரை நினைத்துக்கொண்டோம். அப்போது நாடு முழுவதும் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டது 'பேலியகொடை கொத்தணி' என்றுதான். சந்தை மூடப்பட்டது, தினமும் தொற்று எண்ணிக்கை செய்தியில் வந்தது. செய்திக்கு எண்ணிக்கை தேவைதான். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் வேலை இழந்து வீட்டில் இருந்த வாப்பாமாரின் முகங்கள் மட்டும் தெளிவாகத் தெரியவில்லை. தூரத்திலிருந்து வரும் கெமராவுக்குக் கண்ணில் படுவதுதான் கிட்ட. உள்ளே இருக்கும் பிள்ளைக்குத்தான் அந்தச் சந்துக்குள் யார் நிற்கிறார் என்று தெரியும்.

அதனால் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல பாடசாலைகளில் கெமரா அலுவலக அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. விழாவுக்கு மட்டும் வெளியே வருகிறது. அதை வாரம் ஒரு நாளாவது பிள்ளைகளின் கையில் கொடுங்கள். விழுந்துவிடும் என்று பயப்படாதீர்கள், கழுத்தில் வார் இருக்கிறது.

வீட்டில் கெமராவோ கைபேசியோ இருப்பவர்கள் இன்றிரவே ஒன்று செய்யுங்கள். மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகளை ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். முன்கோப்பையில் புள்ளி வைத்து ஒரு படம், நடுவில் ஒன்று, கடைசிக் கோப்பையில் ஒன்று. பிள்ளையைக் கொண்டே எடுக்கச் சொல்லுங்கள். மூன்று படங்களையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.