பல்லாவரத்துக் கல்

சேலையூரில் வீடு கட்டும்போது ஹாலுக்கு மார்பிள்தான் என்று பிடிவாதமாக நின்றேன். அதுவும் மக்ரானா. தாஜ்மகாலுக்குப் போன அதே ராஜஸ்தான் ஊர்க் கல். ஹோம் லோன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் விடவில்லை.

"தரைக்கு எதுக்குடா இவ்ளோ காசு? நம்மூர்க் கல்லு போதாதா?" என்றார் அப்பா.

"எது, தாத்தா உடைச்சாரே, அந்த ஜல்லியா?"

அப்பா பதில் சொல்லவில்லை. தாத்தா பல்லாவரம் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர். அந்தக் கூலியில்தான் அப்பா படித்தார். அப்பாவின் சம்பளத்தில் நான் இன்ஜினியரிங் படித்தேன். அவர் எதையும் சொல்லிக்காட்டியதில்லை.

குடிவந்த பத்தாவது நாள் எலுமிச்சை ஜூஸ் டம்ளர் கவிழ்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் அந்த இடத்தில் பளபளப்பு போய் ஒரு வெளுத்த வட்டம். அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கறையாக இருந்தால்தானே போகும்? பூமிக்கடியில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லை மார்பிளாக மாற்றுகின்றன. எவ்வளவு உருமாறினாலும் உள்ளே அதே கால்சியம் கார்பனேட்தான். புளிப்பு பட்டால் மேல்பரப்பு கரைந்துவிடும். ரசம் இல்லாமல் சாப்பாடு இறங்காத வீட்டில் இதைப் பதித்திருக்கிறேன்.

அன்றிரவு கற்களைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது பல்லாவரத்தின் பெயர் வந்தது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் அந்தப் பாறைவகைக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். நம் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது அதே பாறை. ஹாலந்து அதை அக்னிப் பாறை என்றார். மார்பிளைப் போல இதுவும் உருமாறிய பாறைதான் என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் சொன்னார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். எலுமிச்சை இதை ஒன்றும் செய்யாது. பரங்கிமலைப் பாறையை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன்.

காலையில் மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. போனை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"அப்போ அது வெறும் ஜல்லி இல்லையா?"

"இல்லப்பா."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். வாசலில் கிடந்த கால்மிதியைக் கொண்டுவந்து அந்த வெளுத்த வட்டத்தின் மேல் போட்டார்.

"இன்னிக்கு யாராவது வீட்டைப் பாக்க வருவாங்க" என்றார்.