ஏடேறிய அடுக்களை

சமைப்பதற்காக அன்றி, படித்து இன்புறுவதற்காகவே சமையல் நூல்களை வாங்கி அடுக்குவோர் சிலர் உளர். யாமும் அவ்வினத்தைச் சேர்ந்தோமே. வெந்நீர் வைப்பதற்கு அப்பால் எம் கைத்திறன் செல்லாது என்பதை எம் இல்லத்தார் நன்கறிவர். ஆயினும், இலக்கணமும் காப்பியமும் கற்பித்து ஓய்ந்த மாலைப் பொழுதுகளில் எம் கை தானாக நாடுவது இந்நூல்களைத்தான். ‘புலவருக்கு இது தகுமா?’ என்று நகைத்த நண்பர்க்கு யாம் சொன்ன விடை ஒன்றுண்டு. ஆற்றுப்படை பாடிய பாணர் மன்னனின் வீரத்தைப் பாடும்போதே அவன் இட்ட சோற்றையும் ஊனையும் மறவாது பாடினரே; அவர்க்குத் தகுந்தது எமக்கும் தகும்!

சமையல் நூலின் நடை தனி நடை. அதில் வருணனை குறைவு, ஏவலே மிகுதி. நறுக்குக, வதக்குக, இறக்குக என்று வினைமுற்றுகள் வரிசையாய் நிற்கும். ஆனால் அந்த ஏவல்களுக்கு இடையே ஒரு காலத்தின் அடுப்பும் பாண்டமும் விறகும், அந்த வீட்டில் வேலை செய்தவர் யார், அமர்ந்து உண்டவர் யார் என்பதும் தெரியும். போர்களை எழுதிய வரலாற்றாசிரியன் சொல்லாது விட்டதை இவை சொல்லிவிடுகின்றன.

எம்மிடமுள்ள நூல்களில் யாம் மிகுதியும் புரட்டியது பக்தாத் நகரத்துச் சமையல் நூல். முஹம்மத் இப்னுல் ஹஸன் அல் பக்தாதீ என்பார் 1226ஆம் ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 623இல், அரபு மொழியில் இதனைத் தொகுத்தார். உலக இன்பங்களுள் உணவின்பமே தலையாயது என்று கருதிய மனிதர் அவர். அதை ஒளிக்காமல் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். சமைப்பவன் நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். பாண்டங்களில் கல்லால் ஆனது முதல் தரம், மண் பாண்டம் இரண்டாம் தரம், ஈயம் பூசிய செம்பு வேறு வழியில்லாதபோது மட்டும் என்று தரம் பிரிக்கிறார். இவ்விடத்தைப் படித்தபோது எம் வீட்டுப் பரணில் கிடக்கும் கற்சட்டி எம் நினைவுக்கு வந்தது. புளிக்குழம்புக்குக் கற்சட்டியே ஏற்றது என்று நம் நாட்டு மூதாட்டியர் சொல்வதும், எண்ணூறு ஆண்டுகட்கு முன் தஜ்லா நதிக்கரையில் ஒருவர் எழுதியதும் ஒன்றாய் இருப்பது வியப்பன்று. புளிப்புக்கும் செம்புக்கும் ஆகாது என்பதை நாவே கற்றுத் தந்திருக்கும்.

அந்நூலின் குறிப்புகள் பலவும் ஏறக்குறைய ஒரே வகையில் முடிகின்றன. செம்மறியின் வால் கொழுப்பை உருக்கி, இறைச்சியை வதக்கி, மணப்பொருள்கள் இட்டு, எல்லாம் வெந்த பின்னர்ப் பாண்டத்தின் விளிம்பைத் தூய துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய நெருப்பில் சற்று நேரம் அமரவிட வேண்டும். ஈது இன்று நாம் ‘தம்’ போடுதல் என்று சொல்வதே அன்றோ? மிளகாய் அங்கே இல்லை, இருக்கவும் இயலாது. அது அமெரிக்கக் கண்டத்துப் பொருள். 1498க்குப் பின்னர்ப் போர்ச்சுகீசியர் வழியே நம் கரைக்கு வந்தது. மிளகைப் போல் காரம் தரும் காய் ஆதலின் மிளகாய் எனத் தமிழர் அதற்குப் பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டனர்.

நூலைத் தொகுத்தவர் 1239இல் மறைந்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1258இல், மங்கோலியப் படை பக்தாதை அழித்தது. நூலகங்களும் அழிந்தன. இந்தச் சமையல் ஏடு மட்டும் எப்படியோ தப்பி இஸ்தான்புல் நகரை அடைந்து, 1934இல் மூஸில் நகரில் அச்சேறியது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அதனை ஆங்கிலமாக்கியவர் ஏ.ஜே. ஆர்பெரி; பிற்காலத்தில், 1955இல், திருக்குர்ஆனின் புகழ்பெற்ற ஆங்கில மொழியாக்கத்தை வெளியிட்டவரும் அவரே. அச்சமையல் மொழிபெயர்ப்பு வெளிவந்த இடம் இலண்டன் அன்று. நம் தக்காணத்து ஹைதராபாதிலிருந்து வந்த ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் ஆய்விதழ். கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவெல்லாம் தணலில் குழைய வைக்கும் ஹரீஸா அந்நூலில் உண்டு. அதன் வழித்தோன்றலாகிய ஹலீமுக்குப் பேர்போன ஊரிலேயே அது ஆங்கிலத்தில் அச்சானது எமக்குப் பெருமகிழ்ச்சி.

இதனினும் மூத்தது பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல் வர்ராக் தொகுத்த நூல். அறுநூறுக்கும் மேற்பட்ட பக்குவங்கள் அதில் உள. இதனை ஈராக்கியரான நவால் நஸ்ரல்லாஹ் 2007இல் ஆங்கிலத்தில் தந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சிறப்பைச் சொல்ல நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமையாக எடுத்த தரீத் என்னும் உணவு, சாற்றில் ரொட்டியைப் பிய்த்து ஊறவைப்பது, இங்கே பல வகையாய் விரிகிறது. கலீஃபாக்கள், இளவரசர்கள், அமைச்சர்கள் பெயரால் எத்தனையோ பக்குவங்கள்! இவற்றுள் எம்மை நிறுத்திய பெயர் வேறு. ஹாரூன் அர்ரஷீதின் தம்பி இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ கவிஞர், இசைவாணர், சுவைஞர். அவர் மாளிகையில் பித்ஆ என்றோர் அடிமைப் பெண் இருந்தாள். காடி சேர்த்த இறைச்சிக் குழம்பாகிய ஸிக்பாஜ் ஆக்குவதில் அவள் வல்லவள் எனப் பெயர் பெற்றாள். அத்தனை பெரிய மனிதர்க்கிடையே சமைத்த கை ஒன்றின் பெயர் ஏடேறியிருக்கிறது!

யாம் இந்நூல்களைப் படிக்கும்போதெல்லாம் தேடுவது அந்தக் கையைத்தான். பெரும்பாலும் அது கிட்டுவதில்லை. 1500ஐ ஒட்டி மாளவத்தின் மாண்டு நகரில் பாரசீக மொழியில் எழுந்த ‘நிஃமத்நாமா’வை எடுத்துக்கொள்வோம். அழகிய ஓவியங்கள் நிறைந்த ஏடு அது. இன்று இலண்டனில் உள்ளது. சுல்தான் கியாதுத்தீன் ஷா மீசையுடன் படத்துக்குப் படம் வீற்றிருப்பார். அவரைச் சூழ்ந்து கிண்டுவோரும் கிளறுவோரும் ஏந்துவோரும் பெண்கள். ஏட்டின் பெருமை சுல்தானுக்கே போயிற்று.

சென்னைக்கு வருவோம். 1878இல் இங்கே வெளியான ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்னும் நூலை ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி. வெள்ளையர் வீடுகளில் பழைய கறிகளின் மதிப்புக் குன்றியதை அவர் குறிக்கிறார். அக்குறிப்பை யாம் வெகுவாய்ச் சுவைத்தோம். சமையற்காரர் பெரும்பாலும் அவருக்கு ‘இராமசாமி’தான். மிளகுதண்ணீர் என்பதன் மூலம் தென்னாட்டு எளிய மக்களின் சாறே என்று ஒப்புக்கொண்டு, புளி, மிளகாய், பூண்டு, கடுகு, மிளகு என்று அதன் பொருள்களையும் குறிக்கிறார். ஓர் ஆங்கிலேயர் இத்துணை நுட்பமாய் அதை எழுதியது பாராட்டத்தக்கதே. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த ‘இராமசாமி’யின் உண்மைப் பெயர் ஏட்டில் இல்லை.

சமைத்த கையே எழுதிய கையாய் அமைந்தது 1951இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’. எஸ். மீனாட்சி அம்மாள் இளமையிலேயே கணவரை இழந்தவர். உறவினர் கேட்டபோதெல்லாம் பக்குவங்களை எழுதி அனுப்பிய அவர், பின்னர் அவற்றை நூலாக்கினார். பிறந்த வீட்டை விட்டுத் தொலைதூரம் குடிபெயர்ந்த மணப்பெண்கள் பலர்க்கு அந்நூல் தாயாய் இருந்தது. அது பிராமண இல்லத்து மரக்கறிச் சமையல். எம் வீட்டு அடுப்புக்கு அயலானது. ஆயினும் யாம் அதைப் பொறாமையோடு படித்தோம் என்பதே உண்மை. ஆணமும் நெய்ச்சோறும் வட்டலப்பமும் நோன்புக் கஞ்சியும் ஆக்கிய நம் இல்லத்துப் பெண்கள், அக்காலத்தில் இப்படி ஒரு நூலை அச்சிலேற்றியதை யாம் கண்டதில்லை. குழம்பு என்னும் பொருளுடைய ‘ஆணம்’ அகராதியில் ஏறிய நல்ல தமிழ்ச்சொல். அதைப் பெரும்பாலும் நாவிலே காத்து வருவோர் நம் வீட்டுப் பெண்கள்.

அவர்கள் எழுதாமலும் இல்லை. கீழக்கரையிற் பிறந்த எம் அன்னையார் பள்ளிக்கூடத்துக்குச் சென்றவரல்லர். ஓதக் கற்ற அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வியில் தேர்ந்தவர். அவர் மறைந்த பின்னர் பெட்டியில் ஒரு கோடிட்ட குறிப்பேடு கிடைத்தது. பால் கணக்குக்கும், பிள்ளைகள் பிறந்த பிறைத் தேதிகளுக்கும், திக்ருகளுக்கும் இடையே முப்பத்திரண்டு பக்குவங்கள். அரபியில் இல்லாத ப, ட முதலிய ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிய எழுத்துகள் மசியில் கலங்கிக் கிடந்தன. எம் மக்கள் மூவரும் குர்ஆன் ஓதுவர். ஒருவர்க்கும் அர்வி படிக்க வராது. எழுத்தைக் கூட்டி ஓசையைப் பிடித்தாலும் சொல் பிடிபடாது. எனவே யாமே அமர்ந்து அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றலானோம்.

புளியாணத்துக்கு மூன்றே வரி: புளி, பூண்டு, மிளகாய், வெங்காயம், பருப்பு இல்லை. வெள்ளைக்காரப் படை அதிகாரி எழுதிய சாற்றுக்கு இது ஒன்றுவிட்ட தங்கை. அளவுகள் உழக்கும் சிரட்டையும். இவற்றை மாற்ற எம் இல்லத்தரசியார் உதவினார். இடர் வந்தது நேர அளவில். நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய பின் ‘ஒரு யாஸீன் ஓதும் நேரம்’ தணலில் இருக்க வேண்டும் என்றிருந்தது. இடைக்கால ஐரோப்பியச் சமையற்காரரும் கடிகாரம் இல்லாத அடுக்களையில் தம் வேத மந்திரங்களைக் கொண்டே நேரம் அளந்தனர் எனப் படித்திருந்தோம். அது எம் வீட்டிலும் நடந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். அன்னையார் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே ஓதியிருக்கிறார். ஓதல் முடிந்ததும் இறக்கியிருக்கிறார். இதை நிமிடமாக்கினால் பேரப்பிள்ளைகட்கு எளிது. ஆனால் எம் மனம் ஒப்பவில்லை. அவர் எழுதியவாறே எழுதி, படியெடுத்து மூவர்க்கும் அனுப்பினோம்.

சென்ற ரமளானில் வெளிநாட்டிலிருந்து மூத்த மகள் தொலைபேசியில் அழைத்தாள். கஞ்சி சற்று இறுகிவிட்டதாம். “வாப்பா, யாஸீன்னு எழுதியிருக்கீங்களே, வாப்பும்மா ஓதுற வேகத்துலயா, நான் ஓதுற வேகத்துலயா?” என்று கேட்டாள்.