கயிறு பிடிப்பது யார்?

அமராவதிபுதூரில் வாழ்கிற எங்களுக்கு நீர் என்றால் கண்மாய், ஊருணி, கிணறு, அவ்வளவே. கண்மாய் நிறைந்த ஆண்டில் கரையில் நின்று அதைப் பார்த்து வருவதே ஒரு திருவிழா. அப்படிப்பட்ட எங்கள் குடும்பத்தில் இன்று, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் முக்கால் மணி நேரம் உலாவி வருகிறவர்கள் மூவர் இருக்கின்றனர். அந்தமானில் பணிபுரியும் எங்கள் மூத்த மகன், மருமகள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பேத்தி ஆகியோரே அவர்கள். “மூழ்கப் போகிறோம்” என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எங்களில் வீட்டுக்காரிக்கு நெஞ்சு பதறும். எங்கள் பக்கத்தில் மூழ்கிப் போவது அடகு வைத்த நகைதான். நல்ல செய்திக்கு அச்சொல் வருவதில்லை.

2023ஆம் ஆண்டுக் கோடையில் இரு பிள்ளைகளின் குடும்பங்களோடும் ஒரு கடற்கரைக்குச் சென்றோம். ஊர்ப் பெயர் வேண்டாம். விடியற்காலையில் மூவரும் படகேறிப் போவார்கள், நண்பகல் கடந்து, களைத்து, பசியோடு வருவார்கள், உண்டு உறங்குவார்கள். எஞ்சிய நாங்கள் ஏழு பேரும் வெயிலில் பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் மாலை எங்கள் மகளின் கணவர், வங்கியில் எழுத்தராயிருப்பவர், “விடுமுறை உங்களுக்கு, மூட்டைக்குக் காவல் எங்களுக்கு” என்று சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதன்பின் ஓராண்டுக்கு மேலாக இரு குடும்பங்களுக்குமிடையே தொலைபேசி அவ்வளவாக ஒலிக்கவில்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டு மறுபடியும் ஒன்றாகச் செல்லலாம் என்று பேச்சு எழுந்தபோது, எங்கே, எப்போது, எப்படி என்பதையெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். எங்களுக்கு மிக அண்மையிலுள்ள கடல் தொண்டியில். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் காலை உணவு செரிக்கும் முன் சேர்ந்துவிடலாம். ஆயினும் அது சேறு கலந்த ஆழமற்ற கடல். கடலடியைக் காண விரும்புவோருக்கு ஆகாது. ஆகவே இராமேசுவரத் தீவைத் தேர்ந்தோம். அங்கே இரு கடல்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அப்பக்கத்தார் அழைப்பர். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும். பெண்கடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகும். இடைப்பட்ட அமைதிக் காலத்தில்தான் தெற்கே நீர் தெளிவாயிருக்கும். மே மாதம் முற்றிவிட்டால் காற்று கிளம்பிவிடும். எனவே ஏப்ரல் கடைசி வாரம் என்று குறித்தோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலமாயிற்றே, மீன் விலை ஏறியிருக்குமே என்ற கவலை எங்களில் ஒருவருக்கு மட்டும் இருந்தது. அது யார் என்று எழுதத் தேவையில்லை.

மகன் அட்டவணையைத் தாளில் எழுதி வந்தான். திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் காலையில் கடல். வெள்ளிக்கிழமை காலை கடைசி முழுக்கு. அன்றிரவே மதுரையில் விமானம். நாங்கள் தலையசைத்தோம். எங்களுக்கு என்ன தெரியும்?

அன்று எங்கள் சம்பந்தியும் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், சங்கு குளித்துப் பிழைத்தவர். அவருடைய தந்தையார் 1961ஆம் ஆண்டு நடந்த கடைசி முத்துச் சலாபத்தில் குளித்தவர். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து சேர்ந்த முத்துக்குளித்துறையின் மக்கள் அவர்கள். ஆனால் தம் மகளை முழங்காலளவு நீருக்கு மேல் இறங்க விட்டவரல்லர். அம்மகளோ திருமணமாகி அந்தமான் சென்றபின் இத்தொழிலைச் சான்றிதழோடு கற்றுக்கொண்டாள்! சம்பந்தி தாளை இருமுறை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி, மாப்பிள்ளை. கயிறு பிடிப்பது யார்?”

இப்போது கயிறெல்லாம் இல்லை என்று மகன் விளக்கினான். மணிக்கட்டில் கட்டும் சிறு கணிப்பொறி ஆழத்தையும் நேரத்தையும் காட்டும்; இருவர் இருவராகவே செல்வார்கள்; வழிகாட்டி உடன் இருப்பார். சம்பந்தி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம் கதையைச் சொன்னார்.

முத்துக் குளிக்கும் காலத்தில் குளியாள் கல்லில் கால் ஊன்றி இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவன் கையில். அதனால் அக்கயிற்றை மச்சான் கையில் கொடுப்பதே வழக்கம் என்று மூத்தோர் சொல்வார்களாம். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில்தானே இருக்கிறது! சங்கு குளிப்போரிடையே இயந்திரக் காற்று வந்தபின், வள்ளத்திலுள்ள கம்பிரசரிலிருந்து குழாய் வழியே மூச்சு வந்தது. ஒருநாள் இயந்திரத்தைக் கவனிக்க வேண்டிய இளைஞன் அயர்ந்து உறங்கிவிட்டான். எண்ணெய் தீர்ந்து இயந்திரம் நின்றது. ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்திருந்த சம்பந்தி மூச்சுக்காக ஒரே பாய்ச்சலில் மேலே வந்தார். அன்றிலிருந்து அவருடைய இடக்கால் இழுத்தே நடக்கிறது.

அதன் காரணத்தைப் பேத்திதான் எங்களுக்குப் புரியவைத்தாள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல் இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து வந்தால் கோலி சோடாவைத் திறந்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். “விமானத்தில் பறக்கும்போதும் காற்றழுத்தம் குறையும், ஐயா. அதனால்தான் பலநாள் தொடர்ந்து மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமாவது கழித்தே பறக்க வேண்டும்” என்றவள், தந்தையின் தாளைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“ஆழம் அதிகமில்லை, அப்பா” என்று மகன் தொடங்கினான். சம்பந்தி தம் இடக்காலைச் சற்று நீட்டி உட்கார்ந்தார். அவ்வளவுதான். மகன் பேனாவை எடுத்து வெள்ளியை அடித்தான். பிறகு புதனையும் வியாழனையும் அடித்தான்.

இப்படித்தான் எங்கள் திட்டம் நேரானது. முதலிரு நாள்கள் மூழ்குவோருக்கு. பிந்திய நாள்கள் எல்லாருக்கும். வந்த நாளே ஞாயிறாதலால் தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் ஆலயத்தில் திருப்பலி. திங்களும் செவ்வாயும் அவர்கள் தெற்கே போகையில், சளி பிடித்திருந்த பேரனும் மற்றப் பிள்ளைகளும் பெண்கடலில் இடுப்பளவு நீரில். சளியுள்ளவன் ஆழத்துக்குப் போனால் காது தாங்காது என்பதால் அவனுடைய அழுகையை நாங்கள் பொருட்படுத்தவில்லை. புதனன்று, 1914இல் திறந்த பழைய பாம்பன் இரயில் பாலத்தின் அருகே அம்மாதம் 6ஆம் நாள் திறக்கப்பட்டிருந்த புதிய பாலத்தையும், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த ஆலயத்தையும் கண்டோம். வியாழனன்று காரங்காட்டில் அலையாத்திக் காட்டினூடே படகுப் பயணம், பின்னர் அருளானந்தர் 1693 பெப்ரவரி 4இல் குருதி சிந்திய ஓரியூர்ச் செம்மண், இரவு வீடு. பிள்ளைகளிடம் சிப்பியோ பவளமோ பொறுக்கக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம்.

ஆனால் கயிறு? அதையும் சம்பந்தியே தீர்த்து வைத்தார். “மச்சான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?” என்று எங்கள் மகளின் கணவரைக் காட்டினார். அலையைக் கண்டாலே குமட்டும் அந்த மருமகனுக்கு முகம் வெளுத்தது. ஆயினும் மறுக்கவில்லை. இறங்கும் நேரம், ஏறவேண்டிய நேரம், மூவரின் இரத்த வகை, விரைந்து செல்லவேண்டிய மருத்துவமனை ஆகியவற்றை எங்களில் வீட்டுக்காரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை நாங்கள் கரையில் அவித்த முட்டையும் புளிச்சோறும் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். படகு திரும்பியபோது மூழ்கியவர்கள் மூவரும் ஒரே குரலில் மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டு இறங்கினர். கடைசியாக இறங்கிய மருமகன் இருமுறை வாந்தி எடுத்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. குமிழிகளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை என்று படகோட்டி சொன்னார். அவர் நேரே சம்பந்தியிடம் சென்று, உப்புநீரில் நனைந்த தாளைக் கொடுத்தார். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 43 நிமிடம் என்றிருந்தது.

“மேலே வருமுன் நின்றார்களா?”

“நங்கூரக் கயிற்றருகே மூன்று நிமிடம் நின்றார்கள், மாமா.”

சம்பந்தி தாளை நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் பொட்டலத்தை மருமகனிடம் நீட்டினார்.