முயல்கள் சொல்லித் தந்த கணக்கு

"வைரஸ் உருமாற உருமாற வீரியம் குறைஞ்சிடும், கவலையே வேண்டாம்." கொரோனா காலத்தில் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை அடிபட்ட வசனம் இது. உண்மையா? பதில் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அதுவும் முயல்களிடம்!

1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து விக்டோரியாவில் விட்டார். அவை பல்கிப் பெருகி மேய்ச்சல் நிலங்களை மொட்டையடித்தன. வேலி, விஷம் எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் 1950-ல் அரசே மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பியது. கொசு வழியாகப் பரவிய அது, தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. மனிதர்களுக்கும் வந்துவிடுமோ என்று மக்கள் பயந்தபோது ஃப்ராங்க் ஃபென்னர், பர்னெட், க்ளூனீஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அதைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் சில வருடங்களிலேயே வைரஸ் மாறிவிட்டது. ஃபென்னர் அதன் வீரியத்தை ஐந்து தரமாகப் பிரித்துப் பார்த்தார். அதிகம் பரவி நின்றது நடுவிலிருந்த மூன்றாம் தரம். ஏன்? எல்லாம் வியாபாரக் கணக்குதான். முயல் சீக்கிரம் செத்துவிட்டால் கொசு கடிக்க நாள் போதாது. நோய் ரொம்ப லேசாக இருந்தால், கொசு எடுத்துப் போகும் அளவுக்குத் தோலில் வைரஸ் இருக்காது. வாடிக்கையாளரைக் கொல்லவும் கூடாது, கடையைச் சாத்தவும் கூடாது!

அப்படியானால் வீரியம் குறைந்ததுதானே? அவசரப்பட வேண்டாம். அந்த மூன்றாம் தரமே, எதிர்ப்புசக்தி இல்லாத முயல்களில் 70 முதல் 95 சதவீதத்தைக் கொல்லும். பின்னாளில் முயல்களுக்கு எதிர்ப்புசக்தி கூடியபோது, வீரியம் கூடிய வகைகளும் மறுபடி தலைதூக்கின.

கொரோனாவின் கணக்கு இன்னும் மோசம். அது அறிகுறி தெரிவதற்கு முன்பும், நோயின் முதல் சில நாட்களிலும்தான் அதிகம் பரவுகிறது. மரணம் வருவதோ பெரும்பாலும் வாரங்கள் கழித்து. அதற்குள் சரக்கு கைமாறிவிடுகிறது. நோயாளி பிழைத்தாலும் இறந்தாலும் வைரஸுக்குப் பெரிய நஷ்டமில்லை. அதனால் 2021-ல் டெல்டா முந்தைய வகைகளைவிட வேகமாகப் பரவவும் முடிந்தது, கடுமையாகத் தாக்கவும் முடிந்தது. அதன்பின் வந்த ஒமைக்ரான் லேசாகத் தெரிந்ததில், தடுப்பூசிக்கும் ஏற்கெனவே வந்துபோன தொற்றுக்கும் பெரிய பங்கு உண்டு.

உருமாற்றம் தற்செயலாக நடப்பது. பெரும்பாலானவற்றால் எதுவும் ஆகாது. பரவ உதவுபவை நிலைக்கின்றன. வைரஸின் பேரேட்டில் பரவல்தான் லாபம். மனித உயிருக்கு அதில் பத்தியே கிடையாது. "தானா சரியாயிடும்" என்று சொல்லித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவர்கள், வைரஸிடம் இல்லாத கருணையை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.