பிரிவு இருவகை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவரை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. அவர்கள் இல்லத்தில் சாவு நேர்ந்தால் அயலாரே பால் கறப்பர், சமைப்பர், குழியும் வெட்டுவர். நெருங்கிய உறவுப் பெண்கள் ஓராண்டுவரை கறுப்பு உடுத்துவர். 2006-இல் பள்ளியில் ஐந்து சிறுமியரைச் சுட்டுக்கொன்று தானும் மாய்ந்தவனின் அடக்கத்திற்கும் சென்று, அவன் மனைவியைத் தேற்றியவர்கள் இவர்கள்!

ஆயினும், வளர்ந்தபின் விரும்பித் திருமுழுக்குப் பெற்ற சகோதரி சபையைவிட்டு அகன்றால், கண்டிப்பான சபையினர் அவளோடு ஒரே மேசையில் உண்ணார். திருமுழுக்குக்கு முன்பே சென்றவளுக்கு இவ்விலக்கு இல்லை. வாக்குறுதியின் கனம் அத்தகையது. அதை நாம் இகழோம். மனம் வருந்தித் திரும்பினால் ஏற்றுக்கொள்வர். அதுவரை, இறந்த மகளுக்காகக் கறுப்பு உடுத்தும் தாய், உயிரோடிருக்கும் மகளுக்குத் தனி மேசையில் தட்டு வைக்கிறாள். சாவு வீட்டில் சொல்ல நம்மிடம் செபங்கள் உண்டு. அந்தத் தட்டின்முன் நமக்குச் சொல் எழவில்லை.