ஆர்.சி. முடிகிற வருஷம்

ஆகஸ்ட் 23, 2025, சனி

பள்ளிப்பட்டு பஸ் நிலையத்து டீக்கடையில் காலையிலிருந்து ஒரே பேச்சு. பழைய வண்டிக்கெல்லாம் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை டபுள் ஆக்கிவிட்டார்களாம். ஒருவர் பத்தாயிரம் என்கிறார். இன்னொருவர் வண்டியையே பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார். பேப்பரை வாங்கிப் பார்த்தால் விஷயம் அத்தனை பயங்கரமில்லை. பதிவாகி 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குத்தான் இந்த ஏற்றம். பைக்குக்கு 2,000, காருக்கு 10,000. 15 முடிந்து 20-க்குள் இருப்பவை பழைய கட்டணமே கட்டினால் போதும்: 1,000, 5,000. அந்தப் ‘பழைய’ கட்டணமும் 2022 ஏப்ரலில் வந்ததுதான். அதற்கு முன் பைக்குக்கு 300, காருக்கு 600 என்று இருந்தது டீக்கடையில் யாருக்கும் நினைவில்லை.

என் டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் 2010 ஆயுத பூஜைக்கு எடுத்தது. அக்டோபர் 25-இல் பதிவு. வருகிற அக்டோபர் 24-ஓடு ஆர்.சி. முடிகிறது. சொந்த உபயோக வண்டிக்குச் சட்டம் தருவது 15 வருஷம். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டெல்லியில் இருந்திருந்தால் வேறு கதை, 15 வருஷத்துப் பெட்ரோல் வண்டிக்குத் தடை. அங்கேயும் இப்போதைக்கு நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இந்த மாதம்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பாஸாக வேண்டும், அவ்வளவே.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. இன்றோடு அந்தக் கதவு திறந்தது. பிரவுசிங் சென்டர் தம்பி பரிவாகன் தளத்தைத் திறந்து, வண்டி நம்பரையும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் தட்டினான். படிவம் 25. பதிவுக் கட்டணம், பசுமை வரி, ஸ்மார்ட் கார்டு, தபால் என்று வரிசையாக வந்தன. தளம் நடுவில் ஒருமுறை படுத்துக்கொண்டது. அது எதிர்பார்த்ததுதான்.

கூடவே வேண்டியவை: நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேசிஸ் நம்பரின் பென்சில் பிரதி. புரோக்கர் ஒருவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். “சார், நீங்க அலைய வேணாம், வண்டிய மட்டும் குடுங்க” என்றார். ஒரு நாள் தறி நிறுத்தினால் கூலி போகிற ஊர் இது. அந்தக் கணக்கில் பார்த்தால் புரோக்கருக்குக் கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வேலை கணக்குப் பிள்ளை வேலை. கடையில் சொல்லிவிட்டு ஒரு நாள் எடுக்கலாம் என்பதால் நானே போவதாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன், விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டைக்கு மச்சான் வந்திருந்தான், நகரியிலிருந்து, ஏ.பி. 03 பைக்கில். எங்கள் வீட்டில் அவன் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். அவன் அக்கா என்னிடம் கோபமாக இருந்தால் தெலுங்கிலும் சமாதானமானால் தமிழிலும் பேசுவாள். மச்சான் தறி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிப்பட்டில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறான்.

என் ஆர்.சி. பேச்சு அவன் பைக்கில் போய் நின்றது. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். முதலில் அங்கே போய்த் தடையில்லாச் சான்று, பிறகு இங்கே விண்ணப்பம், ஆய்வு, இங்குள்ள வரி. அங்கே ஆயுள் வரி கட்டியதில் மீதியைத் திரும்ப வாங்க வேண்டுமானால் அது தனி நடை.

“பாவா, வாரத்துல நாலு ராத்திரி இங்க தூங்குறேன். மூணு ராத்திரி நகரியில. வண்டி எந்த ஸ்டேட்ல இருக்கிறதா கணக்கு?”

பதில் சொல்ல முடியவில்லை. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு எங்கள் பக்கமும் அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைப் போராட்டம் நடத்தி, எல்லைத் தகராறுக்கு நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி வரவில்லை. கோடு போட்டாகிவிட்டது, சம்பந்தம் பண்ணுவது மட்டும் நிற்கவில்லை. சீர்வரிசையில் பைக் வருகிற காலத்தில் அந்தக் கோடு ஆர்.சி. புத்தகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத ‘பி.எச்.’ வரிசை எண் 2021 செப்டம்பரில் வந்தது. யாருக்கு? ராணுவத்தார், அரசு ஊழியர், நான்கு மாநிலத்திலாவது அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனியின் ஊழியர். வாரா வாரம் எல்லை தாண்டித் தறி ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அதில் இடமில்லை. இந்தச் சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை விட்டுவிட்டு எழுதப்பட்டது என்பதே என் அபிப்பிராயம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை முழுக்க மெக்கானிக் கடையில். நூல் கோன் மூட்டை இரண்டைப் பின்னால் கட்டி, காலுக்கு நடுவில் ஒன்றை வைத்து ஓட்டிய வண்டி. மண்ணும் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து அதன் உடம்பில் ஒரு தனித் தோலே வளர்ந்திருந்தது.

“முதல்ல நம்பர் தெரியட்டும்ணே” என்று மெக்கானிக் ஹேண்டில்பாருக்குக் கீழே மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கறுப்பு போய்ப் பழுப்பு வந்தது, பழுப்பு போய் இரும்பு வந்தது. உப்புத்தாளை எடுத்தவர் ஒரே திசையில், குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தால் எண் மழுங்கிவிடும். மழுங்கினால் மறுபடி அச்சடிக்க அனுமதி வாங்கி அலைய வேண்டும். பிறகு மெல்லிய தாளை ஒட்டவைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தடவினார். ஒவ்வோர் எழுத்தாக வெள்ளையாக எழும்பியது. பதினேழும் வந்த பிறகு ஆர்.சி.யோடு வைத்து எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். அவர் இரும்பைப் பார்த்தார், நான் அட்டையைப் பார்த்தேன். ஐந்துக்கும் எஸ்ஸுக்கும் மட்டும் ஒரு சின்ன வாக்குவாதம்.

அதன்பிறகுதான் வண்டியின் பக்கம் வந்தார். முன் பிரேக் ஷூ தேய்ந்து தகடாகியிருந்தது. பிரேக் கேபிளில் நான்கைந்து இழைதான் மிச்சம். “இதுலயா மூட்டை ஏத்தினு வந்தீங்க?” என்று கேபிளைத் தூக்கிக் காட்டினார். பின் விளக்கு எரியவில்லை. கண்ணாடி எப்போது போனதென்றே தெரியாது. நம்பர் பிளேட்டில் எழுத்துக்கு மேலே திருத்தணி வேல் ஸ்டிக்கர். “பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பர் பிளேட்ல நம்பர் மட்டும்தான் பார்க்கணும்னுவாரு” என்று சொல்லி, பயபக்தியோடு உரித்து, முன் கவசத்தில் ஒட்டிவிட்டார். முருகனுக்கு இடமாற்றம், பதவி இறக்கமில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெட்ரோல் பங்கில் புகைச் சோதனை. சைலன்சரில் குழாயைச் சொருகினார்கள். இது டூ ஸ்ட்ரோக், ஆயில் கலந்து குடிக்கிற வண்டி. 2000-க்குப் பின் வந்த இந்த வகைக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 6,000 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும். கார்புரேட்டர் கழுவியிருந்ததால் தேறியது. பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டி என்பதால் சான்று ஆறே மாதத்துக்கு.

ராத்திரி அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து பேசினான், டெக்சாஸ். அங்கே வருஷா வருஷம் காரைப் பாதுகாப்புச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இந்த 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். அவன் இருக்கிற டல்லஸ் போன்ற இடங்களில் புகைச் சோதனை மட்டும் உண்டு. “சோதனை போச்சு மாமா, அதுக்குக் கட்டுன ஏழரை டாலர் மட்டும் போகல” என்றான். பெயரை மாற்றிப் பதிவுக் கட்டணத்தோடு வாங்குகிறார்களாம். ஏழரை என்றாலே கடல் தாண்டினாலும் விடாது போல.

இங்கிலாந்தில் மூன்று வருஷம் முடிந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். ஜப்பானில் முதலில் மூன்று வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர் கூட ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை முடித்துத்தான் வருமான அனுமதிப் பத்திரம் வாங்க முடியும். நாமோ சொந்த வண்டியின் பிரேக்கை 15 வருஷம் யாரும் பார்க்க வேண்டாம் என்று விட்டுவைத்திருக்கிறோம். வாடகை வண்டி என்றால் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கொரு எஃப்.சி. (தகுதிச் சான்று), அதன்பின் வருஷா வருஷம். என் கேபிளில் மிச்சமிருந்த இழைகளுக்குச் சொந்த வண்டி, வாடகை வண்டி வித்தியாசம் தெரியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆய்வு. விடியற்காலையில் கிளம்பி, பொதட்டூர்பேட்டை தாண்டி, திருத்தணி வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டே போனேன். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு.

ஆர்.டி.ஓ. ஆய்வு மைதானத்தில் எஃப்.சி.க்கு வந்த ஷேர் ஆட்டோக்களும் மினி லாரிகளும் புதுப் பெயின்ட் வாசனையோடு வரிசையாக நின்றன. ஒரு வண்டியின் முதலுதவிப் பெட்டி, வேலை முடிந்ததும் அடுத்த வண்டிக்கு நடந்து போனது. வாடகை டயர் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு என்று பக்கத்தில் நின்ற டிரைவர் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு 2012 ஜூலை நினைவுக்கு வந்தது. தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துக்கென்று தமிழ்நாடு தனி விதிகள் போட்டது. இப்போது கோடை விடுமுறையில் பேருந்துகளை மைதானத்தில் நிறுத்தி, தரைப்பலகை, அவசர வழி, தீயணைப்பான் என்று அதிகாரிகள் சேர்ந்து பார்க்கிறார்கள்.

என் முறை வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பென்சில் பிரதியை எண்ணோடு ஒப்பிட்டார். ஹாரன். முன்விளக்கு. “பிரேக் பிடிச்சுக் காட்டுங்க.” பிடித்தேன், நின்றது. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். கையெழுத்து. காத்திருந்தது அரை நாள், பார்த்தது சில நிமிடம். மனிதர் மோசமில்லை, அவருக்குப் பின்னால் கேட் வரை வண்டி நின்றது.

செப்டம்பர் 20, சனி

ஸ்பீட் போஸ்டில் ஆர்.சி. கார்டு வந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஆபீசில் கையில் தருவதில்லை, தபாலில்தான். இனி 2030 வரை கவலையில்லை. அப்போது வண்டிக்கு 20 வயதாகியிருக்கும், கட்டணம் இரட்டிப்பாகும்.

என் தீர்ப்பு இது. இந்த வண்டியை உண்மையில் சோதித்தது மெக்கானிக்தான். ஆய்வு என்று ஒன்று இருந்ததால்தான் நான் அவரிடம் போனேன். ஆகவே ஆய்வு வேண்டும், 15 வருஷத்துக்கு முன்பே வேண்டும். ஆனால் அதற்கு ஒரு நாள் கூலியையும் புரோக்கர் பணத்தையும் நெசவாளி தலையில் கட்டக்கூடாது. மாதத்தில் ஒரு நாள் பிரேக் இன்ஸ்பெக்டர் பள்ளிப்பட்டில் முகாம் போட்டு, இருசக்கர வண்டிகளைப் பார்த்து அனுப்பட்டும். அதே நாளில் எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலரும் வந்து தடையில்லாச் சான்று கொடுத்தால் என் மச்சான் கொழுக்கட்டை வாங்கிக் கொடுப்பான்.

அதுவரை, 2010, 2011-இல் வண்டி எடுத்தவர்கள் இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டினால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல், காருக்கு 500. அப்படியே பிரேக் கேபிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.